கன்ட்ரோல் என்று எழுதிய குழாய்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் கையை நீட்ட வேண்டும். அடையாறில் அந்த வளாகத்துக்கு இருபத்திரண்டு வருடங்களாகப் போய்வந்துகொண்டிருக்கிறேன். பெரும்பாலான நாட்களில் முதலில் வந்தவள் நான்தான். அதற்காக யாரும் எனக்கு மாலை போட்டதில்லை. எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

நாங்கள் ஆராய்வது சிவப்பணுவின் தோலை. நல்ல சிவப்பணு, கோகுலாஷ்டமிக்குச் செய்கிற தட்டை மாதிரி வட்டமாக, நடுவில் லேசாக அமுங்கி இருக்கும். அதன் தோலுக்கு அடியில் ஒரு வலை. தோலையும் வலையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சில புரதங்கள். அந்தப் புரதங்களில் ஒன்று பரம்பரையாகவே குறைந்து பிறந்தவர்களுக்குத் தோல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, தட்டை சீடையாகிவிடும். சீடை மண்ணீரலின் சந்துகளில் நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டு உடையும். உடைந்தால் இரத்தம் குறையும், கண் மஞ்சளாகும், பித்தப்பையில் கல் சேரும். பார்ப்பவர்கள் காமாலை என்பார்கள். ஈரலில் ஒரு கோளாறும் இருக்காது. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருமே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாயம் உண்டு. அது அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு மினுங்கும். எவ்வளவு மினுங்குகிறது என்று இயந்திரம் ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணுக்குத் தனியாக மதிப்பில்லை. அன்றைக்கே எடுத்த, நோயில்லாத ஒருவரின் இரத்தம் பக்கத்தில் வேண்டும். அதோடு ஒப்பிட்டால்தான் குறைவா இல்லையா என்று சொல்ல முடியும். அந்தக் குழாயின் மேல் ‘கன்ட்ரோல்’ என்று எழுதுவோம். முறையாகச் செய்தால் ஐந்தாறு பேர் வேண்டும். நாங்கள் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்வோம். முதலில் வந்த நான், அடுத்து வரும் டெக்னீஷியன், அப்புறம் அன்றைக்கு வராந்தாவில் அகப்படும் யாராவது ஒருவர்.

மூன்றில் என்னுடையது எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். டெக்னீஷியன் ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி வைத்திருந்த மனிதர். இயந்திரத்தின் திரையைப் பார்த்துவிட்டு, “மேடம், உங்க ரத்தமும் உங்கள மாதிரியே டயர்டா இருக்கு” என்பார். நானும் சிரிப்பேன். என் குழாய் முதலில் எடுத்தது, மற்றவர்கள் வரும்வரை மேஜையில் காத்துக்கிடப்பது, அதனால்தான் மங்கல் என்று எங்களுக்குள் ஒரு விளக்கம் வைத்திருந்தோம். ஒரு நாளாவது என் இரத்தத்தைக் கடைசியாக எடுத்துப் பார்த்திருக்கலாம். இத்தனை வருடத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடுவோம், என் மங்கல் அதில் கரைந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரூர் குப்பத்துச் சாலையில் மீன் வாங்குவேன். பத்து வருடமாக ஒரே பெண்மணியிடம்தான். அவளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். நான் எந்த மீனைத் தொட்டாலும் அதைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்துப் போடுவாள். அது என்னை ஏமாற்றவா, என் நல்லதுக்கா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. விடுமுறை நாளில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து பள்ளிக்கூட நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பாள். ஒரு மார்கழி ஞாயிறு அவள் நிமிர்ந்து பார்த்தபோது வெள்ளை விழி எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது.

“என்னம்மா, பாப்பா கண்ணு இப்படி இருக்கு?” என்றேன்.

“அத்த ஏன் கேக்குற. வருசத்துக்கு ரெண்டு தபா இப்டித்தான் மஞ்சளாவுது. ஆஸ்பத்திரில காட்டிக்கினுதான் கீறோம். ஒருத்தரு ஈரலுன்றாரு, ஒருத்தரு தண்ணின்றாரு. ஒண்ணும் புரியல.”

“வேற யாருக்காவது இப்படி இருக்கா வீட்டுல?”

“இவ நைனாவுக்குக் கண்ணு எப்பவுமே இந்தக் கலருதான். கடல் வெயிலு.”

அப்பாவுக்கும் மஞ்சள் என்ற அந்த ஒரு வார்த்தை போதும். என்னுடைய துறையே அதுதான். அங்கேயே என் மனதில் பாதி தீர்ப்பு எழுதிவிட்டேன். “நாளைக்குக் காலையில பாப்பாவ என் ஆபீசுக்குக் கூட்டிட்டு வா. ஒரு ஊசி ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்” என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வாங்கி, படிவம் நிரப்பி, குழுவின் கையெழுத்துக்குக் காத்திருந்து செய்ய வேண்டிய காரியம். எனக்கு அந்தப் படிவங்களே அலுத்துப் போயிருந்தன. ஒரு குழந்தைக்காவது நேரடியாக ஏதாவது செய்துவிடலாமே என்று இருந்தது.

நான் சொன்ன நாளில் அவள் வரவில்லை. பொங்கல் விடுமுறை தொடங்குவதற்கு முந்தின நாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். டெக்னீஷியன் ஊருக்குப் போய்விட்டார். வராந்தாவில் ஒரு ஜீவன் இல்லை. பொங்கல் முடிந்து வா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழந்தையின் இரத்தத்தை எடுத்தேன். பிறகு பல்லால் ரப்பர் பட்டையைக் கடித்து இழுத்து, என் இடது கையில் நானே குத்திக்கொண்டேன். அந்த வித்தையில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. அன்றைக்கு கன்ட்ரோல் ஒன்றே ஒன்று, அது நான்.

எண்கள் வந்தன. குழந்தையுடையது என்னுடையதை விடக் கொஞ்சம் குறைவு, கவலைப்படும் அளவுக்கு இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். கல்லூரியில் முதல் வருடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற வேலை. விலை உயர்ந்த இயந்திரம் இருக்கும்போது யார் அதைச் செய்கிறார்கள்? லெட்டர்ஹெட் தாளில், சிவப்பணுத் தோல் புரதம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

“ரத்தத்துல ஒண்ணும் இல்லம்மா. ஈரல்லதான் ஏதோ இருக்கும். தண்ணியக் காய்ச்சிக் குடு. எச்சில் படாமப் பாத்துக்கோ, மத்தவங்களுக்கு ஒட்டிக்கப் போவுது.”

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், படித்தவள் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

மாசி மாதம் வாக்கில் மீன் வாங்கப் போனபோது அவளே சொன்னாள். “நீ சொன்ன மாறியே தனித் தட்டு, தனி டம்ளரு வச்சிட்டேன். மாறிப் போவக் கூடாதுன்னு வெளிம்புல செவப்பு நெயில் பாலிசு தடவிக் கீறேன். மீனு கெடயாது, எண்ண கெடயாது, மோர்சோறுதான். காலைல கீழாநெல்லி.” என்னிடம் பாராட்டு எதிர்பார்க்கிற குரல். “நல்லது” என்றேன். அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு வந்து குழம்பு வைத்தேன்.

நான் எழுதிக் கொடுத்த தாளை அவள் லேமினேட் செய்து வைத்திருந்தாள். ஈரத்தில் நனையாமல் இருக்க மீன் பையின் பக்க அறையில் எப்போதும் இருக்கும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை முதலில் நீட்டுவாளாம். “ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு ஆராய்ச்சியே பண்ணிக் குட்துட்டாங்க” என்பாளாம். டாக்டர்களும் தாளின் தலைப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் யோசிப்பதையே விட்டுவிடுவார்கள். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

ஒன்றரை வருடம் போனது. எனக்கு அந்த ஒன்றரை வருடத்தில் நினைவிருப்பதெல்லாம் குளிர்பெட்டி இரண்டு முறை பழுதானதும், கேட்ட சாயம் வராமல் கேட்காத சாயம் வந்ததும், ஒரு கட்டுரை மூன்று இடங்களிலிருந்து திரும்பி வந்ததும்தான். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் மாட வீதியில் நின்று நாலு பஜ்ஜி தின்றேன். வீட்டுக்குப் போவதற்குள் வலது விலாவுக்குக் கீழே கத்தியால் குடைவது போல வலி.

மறுநாள் தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் படுத்திருந்தேன். வயிற்றில் ஜெல்லைத் தடவித் தேய்த்துக்கொண்டே அந்த இளம் டாக்டர், “பித்தப்பையில நிறைய கல் இருக்கு மேடம்” என்றாள். அப்புறம் கையை இடது பக்கம் நகர்த்தி மண்ணீரலுக்கு மேல் கொஞ்ச நேரம் நிறுத்தினாள்.

“ஸ்ப்ளீனும் லேசா பெரிசா இருக்கே. உங்களுக்குச் சின்ன வயசுல ஜாண்டிஸ் வந்திருக்கா? ஃபேமிலில யாருக்காவது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என்னுடைய கேள்வி. எங்கள் படிவத்தில் ஏழாவது கேள்வி, நானே தயாரித்தது. எத்தனையோ குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அப்பாவுக்குக் கண் எப்போதும் லேசாக மஞ்சளாகத்தான் இருக்கும். ஐம்பது வயதில் பித்தப்பையை எடுத்தார்கள். எனக்கும் பள்ளியில் காய்ச்சல் வந்தால் கண் மஞ்சளாகிவிடும். “அப்பா கண்ணு, அப்படியே வந்திருக்கு” என்று மயிலாப்பூர் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஜாடை என்றே நினைத்திருந்தோம். மூக்கு, நெற்றி, கண் நிறம் என்று அதையும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம். கடல் வெயில் என்று அவர்கள் நினைத்தார்கள், ஜாடை என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் வீட்டில் இரண்டு பட்டதாரிகள் வேறு.

ஸ்கேன் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு பாண்டி பஜார் நடைபாதையில் வந்தேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். துணிப் பைகள் முட்டியில் இடித்தன. பனகல் பார்க் வாசலில் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பொங்கல் காலை நினைவுக்கு வந்தது. கன்ட்ரோல் ஒன்றே ஒன்று. உட்காராமலே ஆட்டோ பிடித்தேன்.

சனிக்கிழமை மதியம், ஆய்வகத்தில் யாருமில்லை. என் விரலில் குத்தி ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். தட்டைகளுக்கு நடுவே அங்கங்கே சீடைகள், நடுவில் அமுங்கிய வெளுப்பு இல்லாமல், உருண்டையாக. அதிகமில்லை, என்னை ஐம்பத்து மூன்று வயதுவரை ஓட்டிவந்திருக்கும் அளவுக்குத்தான். பழைய நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தைப் பார்த்தேன். என் எண்ணில் எப்போதும் இருக்கும் மங்கலை ஈடுகட்டிக் கணக்குப் போட்டால் குழந்தையின் எண் குறைவுதான், நன்றாகவே குறைவு. பக்கத்தில் நானும் குறைந்து நின்றதால் தெரியவில்லை. நோயாளியை வைத்து நோயாளியை அளந்து, நோயில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மற்ற பக்கங்களையும் புரட்டினேன். மற்ற நாட்களில் மூன்று பேர் இருந்தார்கள். நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற சிலரை மட்டும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது, பின்னால் பார்த்தோம். முழுக்க என்னை நம்பி எழுதியது அந்த ஒரு தாள்தான்.

ஞாயிறு காலை குப்பத்துக்குப் போனேன். கூடை எடுத்துப் போகவில்லை.

“வாம்மா. கடம்பா கீது, பாரு” என்றாள்.

“மீன் வாங்க வரலம்மா. பாப்பா எப்படி இருக்கா?”

“கீறா. போன மாசம் மறுபடியும் மஞ்சளு. இஸ்கூல்ல தனியா குந்திதான் துன்றா. பழகிட்சு.”

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அன்றைக்கு எழுதிக் கொடுத்தது தப்பு என்றேன். பாப்பாவுக்கு இருப்பது இரத்தத்தில், அவள் அப்பாவிடமிருந்து வந்திருக்கும், மறுபடி ஒரு தடவை பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றேன். அவள் மீனை அறுப்பதை நிறுத்தினாள்.

“மிஷின் தப்பு பண்ணிட்சா?”

“மிஷின் சரியாத்தான் சொல்லிச்சு. நான் ஒப்பிட்டுப் பாத்த ரத்தம் தப்பு.”

“யாரு ரத்தம்?”

“என்னோடது. எனக்கும் அதே வியாதி இருக்கு. எனக்கே நேத்துதான் தெரியும்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயசு, நல்ல புடவை, கையில் கைப்பை. பையின் பக்க அறையிலிருந்து அந்த லேமினேட் தாளை எடுத்து மீன் பலகையின் மேல் போட்டாள்.

“இது தொத்தாதா?”

“தொத்தாது.”

“அப்போ நீ தனித் தட்டுலயா துன்ன?”

பக்கத்துக் கடைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “கேக்குறேன்ல? சின்னப் புள்ளைல உனுக்கும் கண்ணு மஞ்சளாத்தான கீறும்? உங்கம்மா உனுக்குத் தனித் தட்டு வச்சாங்களா?”

“இல்ல.”

“நான் வச்சேன். என் கையால வச்சேன். அவ அழுதா, அடிச்சி வச்சேன்.” அவள் அருவாமனையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “போம்மா. யாவார நேரம்.”

போனேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு போகத் துணிவு வரவில்லை. டெக்னீஷியனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “நான் விளையாட்டாச் சொல்லிட்டு இருந்தேன் மேடம்” என்று மட்டும் சொன்னார். அவள் வராவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே கேள்விதான் அந்த நாட்களில். வேறு யாராவது ஈரல் என்று எழுதிக் கொடுத்து இன்னொரு லேமினேட் தாள் தயாராகிவிடும், இன்னும் பத்து வருடம் அந்தப் பெண் மோர்சோறு சாப்பிடுவாள். போய்க் காலில் விழலாமா என்றுகூட யோசித்தேன். அலுப்பில் அதையும் தள்ளிப்போட்டேன்.

பதினோராவது நாள், புதன்கிழமை காலை, நான் வருவதற்கு முன்பே அவர்கள் வாசலில் நின்றார்கள். அம்மா, மகள். பெண் பள்ளிச் சீருடையில் இருந்தாள். ஒன்றரை வருடத்தில் வளர்ந்திருந்தாள், கன்னம் ஒட்டியிருந்தது. அம்மா என்னைப் பார்த்து ஒரு வணக்கம்கூட வைக்கவில்லை.

“எடு” என்றாள். “இந்தத் தபா உன் ரத்தத்த வெக்காத.”

வைக்கவில்லை. டெக்னீஷியன், பக்கத்து ஆய்வகத்து மூன்று பேர், வாசல் காவலர், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பெண்மணி, ஆறு பேர் கை நீட்டினார்கள். நான் கையுறை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். முதலில் கண்ணாடியில் ஒரு சொட்டு தடவிப் பார்த்தோம். டெக்னீஷியன் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், அதுவே போதுமாக இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் செய்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

வெளியே வந்தபோது இருவரும் தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கேன்டீன்காரர் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து பேப்பர் கப்புகளை அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். பெண் கப்பை எடுக்கவில்லை. புத்தகப் பையிலிருந்து தன்னுடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்து அதில் ஊற்றிக்கொண்டு ஆறட்டும் என்று மடியில் வைத்திருந்தாள். விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷ், பாதி உதிர்ந்து.

“இருக்கும்மா” என்றேன். “பாப்பாவுக்கு இருக்கறது இந்த வியாதிதான். ரத்தத்துலதான். தொத்தாது, எப்பவுமே தொத்தல. மாத்திரை இருக்கு. தேவைப்பட்டா பிற்பாடு ஒரு ஆபரேஷன். நானே லெட்டர் எழுதி ஆஸ்பத்திரிக்குக் கூட வரேன். அவங்க அப்பாவையும் பாக்கணும்.”

“மீனு?”

“சாப்பிடலாம். எல்லாம் சாப்பிடலாம்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மகளின் மடியிலிருந்து டம்ளரை எடுத்தாள்.

“யம்மா, அது என் டம்ளரு” என்றாள் பெண், பதறிப் போய்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“குடி.”

வாங்கிக் குடித்தேன். ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது, சர்க்கரை அதிகம். மிச்சத்தைப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. என் வாயையும் அம்மா வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தலையை அசைத்த பிறகுதான் கையை நீட்டினாள்.